மாண்டிஸோரி அம்மையார்

சிறு குழந்தைகளுக்கென நம் நகரத்தில் புதிதாய்த் தோன்றும் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மாண்டிஸோரி என்னும் சொல் இடம்பெறுவது இக்காலத்து வழக்கமாயிருக்கின்றது. தேனாம்பேட்டையிலோ தியாகராய நகரிலோ மாலைப்பொழுதில் உலாவச் செல்வோர் அச்சொல்லைக் காணாமல் வீடு திரும்புதல் அரிது. அஃது ஒரு பெண்மணியின் பெயரென்பதையும், அவர் பிறப்பால் இத்தாலியர், கல்வியால் வைத்தியர் என்பதையும், தம் முதுமைக்காலத்தில் நமக்கு அண்மையதாகிய அடையாற்றில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார் என்பதையும் நம் மாணவர்களிற் பலர் அறிந்திருக்கலாம். ஆயினும் அவர்தம் முறை முதன்முதல் எக்குழந்தைகளின்பொருட்டு வகுக்கப்பெற்றது என்பதை அறிந்தார் சிலரே. பித்தர் விடுதியொன்றில் பெரியோருடன் ஒருங்கே அடைத்துவைக்கப்பெற்று, கல்வி கற்கவியலாதவரென யாவராலும் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளின்பொருட்டே அது பிறந்தது. அவ்வரலாற்றை இங்கே சுருங்கக் கூறப் புகுந்தோம்.

மரியா மாண்டிஸோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், இத்தாலி தேசத்தின் கீழ்க்கரைப் பகுதியில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய ஒழுகலாறுகளில் பற்று மிக்கவர். தாயார் ரெனில்தேயோ நூல் கற்பதில் வேட்கையுடையவர். தம் மகள் விரும்பியதனைத்திற்கும் துணைநின்றவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பத்தார் ரோமாபுரியில் குடியேறினர். பெண்கள் செல்லாத தொழிற்கலைப் பள்ளியில் சேர்ந்து அவர் கணிதம் பயின்றார். பொறியியல் வல்லுநராக வேண்டுமென்று எண்ணினார். பின்னர் மனம் மாறி வைத்தியமே கற்பேன் என்று துணிந்தார். தந்தையார் அதற்கு உளமார இசைந்திலர். பெண்ணொருத்தி ஆடவரோடு கூடியிருந்து உயிரற்ற உடலை அறுத்து ஆராய்தல் தகாதென்று அக்காலத்தார் கருதினமையின், ஏனைய மாணவரெல்லாம் சென்றபின் மாலை நேரங்களில் அவர் தனியே அவ்வேலையைச் செய்யவேண்டியிருந்தது. 1896-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர் இவரே என்று எழுதுவாருளர். அது பொருந்தாது, இவருக்கு முன்னரும் சிலர் அப்பட்டம் பெற்றிருந்தனர். முதல் வரிசையினருள் ஒருவர் என்று கொள்வதே உண்மைக்கு ஏற்றதாகும்.

பட்டம் பெற்றபின் அம்மையார் ரோமாபுரிச் சர்வகலாசாலையைச் சார்ந்த மனநோய் மருத்துவசாலையில் துணை வைத்தியராக ஊதியமின்றிப் பணியாற்றினார். சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நோயாளரைத் தெரிந்தெடுத்து வருதற்காக நகரத்துப் பித்தர் விடுதிகளுக்கு அவர் அடிக்கடி செல்லவேண்டியிருந்தது. அங்கேதான் அவர் அக்குழந்தைகளைக் கண்டார். மூளை வளர்ச்சி குன்றியவர், பேச்சு எழாதவர், வலிப்பு நோயுற்றவர் ஆகிய சிறுவர்களுக்கென வேறு புகலிடம் இல்லாமையால், சித்தப்பிரமை கொண்ட பெரியோரிடையே அவர்களையும் வைத்திருந்தனர். ஒரு விடுதியில் வெறுமையான அறையொன்றில் பல குழந்தைகள் அடைபட்டிருந்தனர் என்றும், உணவு முடிந்ததும் அவர்கள் தரையிற் கிடந்த ரொட்டித் துணுக்குகளின்மேல் பாய்ந்து பொறுக்குவதைக் காவற்காரி அருவருப்போடு சுட்டிக்காட்டினாள் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். காவற்காரி கண்டது பெருந்தீனி. அம்மையார் கண்டது வேறு. அவ்வறையில் கையாற் பற்றுதற்கு ஒரு பொருளேனும் இல்லை; விளையாட்டுக் கருவியில்லை; உருட்டவோ அடுக்கவோ ஏதுமில்லை. அத்துணுக்குகளே அக்குழந்தைகளின் விரல்களுக்குக் கிடைத்த பொருள்கள். பசித்தது வயிறன்று, கைகள் என்று அவருக்குத் தோன்றிற்று.

இத்தோற்றத்தின் வழியே சென்ற அவர், தமக்கு முன்னர் இத்துறையில் உழைத்தோரைத் தேடலானார். பிரான்சு தேசத்தில் இருவர் அகப்பட்டனர். ஒருவர் இதார் என்னும் வைத்தியர். பாரிஸ் நகரத்துச் செவிடர் கல்விச்சாலையில் பணியாற்றியவர். அவேரோன் காட்டுப் பகுதியில் தனித்துத் திரிந்து 1800-இல் பிடிபட்ட ஊமைச்சிறுவன் ஒருவனை ஏற்று, ஐம்பொறிகளையும் ஒவ்வொன்றாகப் பழக்கி அவனை மனிதர் கூட்டத்திற்குக் கொண்டுவரப் பல ஆண்டு முயன்றவர். மற்றொருவர் அவருடைய மாணாக்கராகிய செகேன். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கல்வி உண்டு என்று செய்து காட்டி, அதற்குரிய கருவிகளையும் படிமுறையையும் வகுத்து, 1850-இல் அமெரிக்காவுக்குச் சென்று அங்கும் அப்பணியை நிலைநாட்டியவர். முதலில் தசைகளின் இயக்கம், பின்னர்ப் புலன்கள், பின்னர்ப் பொதுக்கருத்துகள் என்று குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச்செல்வதே செகேன் வகுத்த நெறி. இவ்விருவர் நூல்களையும் மாண்டிஸோரி அம்மையார் முதலினின்று முடிவுவரை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே பெயர்த்து எழுதினார். படித்து முடிப்பது போதாது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோட நேரம் வேண்டும் என்பதே அவர் கருத்து. விரைந்து புரட்டி விரைந்து மறக்கும் நம் காலத்து மாணவர்க்கு இது வியப்பாகத் தோன்றும்.

1898-இல் தூரின் நகரிற் கூடிய ஆசிரியர் மகாநாட்டில் அம்மையார் செய்த பிரசங்கம் அவர் பெயரை நாடறியச் செய்தது. மூளை வளர்ச்சி குன்றுதல் பெரும்பாலும் மருந்தினால் தீரும் செய்தியன்று, கல்வியினால் தீரவேண்டிய செய்தி என்பது அப்பிரசங்கத்தின் சாரம். ஒரு வைத்தியர் வாயிலிருந்து இது வந்தது குறிப்பிடத்தக்கது. பலவூர்களிலும் பேசியும் பொருள் திரட்டியும் முயன்றதன் பயனாக, 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்கென ரோமாபுரியில் ஒரு பள்ளி தோன்றிற்று. மொந்தெசானோ என்னும் வைத்தியரும் அம்மையாரும் அதனை நடத்தினர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அம்மையார் தாமே குழந்தைகளோடு இருந்தார். இரவில் அன்றைய குறிப்புகளை ஒப்புநோக்கிப் புதிய கருவிகளை அமைத்தார். வைத்தியப் பட்டத்தினும் இவ்வுழைப்பே தமக்குக் கல்வித்துறையில் கிடைத்த மெய்யான பட்டம் என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அவர் கண்ட உண்மை எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். பதினொரு வயதுடைய ஒரு சிறுமி தையல் கற்க இயலாதவளாயிருந்தாள். கையில் வலிமை இருந்தது. ஆயினும் ஊசியை ஒரு நூலின் மேலும் அடுத்த நூலின் கீழுமாக ஓட்டும் முதற்படியே அவளுக்குக் கைவரவில்லை. எத்தனை முறை காட்டினும் பயனில்லை. அம்மையார் தையலை அகற்றிவிட்டு, தாள்களைக் கீற்றுகளாக வெட்டி ஒன்றன் மேலும் கீழுமாகச் செருகிப் பாய்போல முடையும் வேலையைக் கொடுத்தார். சிறுமி அதில் ஆழ்ந்தாள். அவ்வேலை நன்கு பழகியபின் ஊசியை மீண்டும் கொடுக்க, அவள் தைத்தாள். தையலைத் தையலால் கற்பிக்க முயன்றது பிழை. தையலுக்கு வேண்டிய கை அசைவை வேறொரு வேலையில் முன்னரே அமைத்துவிட்டால், தையல் தானே வரும். அம்மையாரின் முறை முழுவதும் இவ்வித்திலிருந்து முளைத்ததென்றே சொல்லலாம். எழுதுவதற்கு முன் எழுத்தின் வடிவை விரலாலே தடவிப் பழகுதல், ஆடை அணிவதற்கு முன் சட்டத்திற் பூட்டிய துணியில் பொத்தான் இடுதலும் நாடாக் கட்டுதலும் பழகுதல், எண் கற்குமுன் கோல்களின் நீளத்தைக் கையால் உணர்தல் எல்லாம் அதன் கிளைகளே. குழந்தை ஒரு வாயிலைக் கடக்கவேண்டுமாயின், அக்கடத்தலுக்கு வேண்டியதை வாயிலுக்கு இப்பாலே பழக்கவேண்டும் என்பதே அது.

அப்பள்ளியின் குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் தேறினர். பித்தர் விடுதியிலிருந்து வந்த அச்சிறுவர்களை அம்மையார் ஏனைய பள்ளிப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சைக்கு அனுப்ப, அவர்களும் தேறினர். ரோமாபுரி வியந்தது, பத்திரிகைகள் புகழ்ந்தன. அம்மையாரோ மகிழ்ச்சியடையவில்லை. ஊனமுற்ற குழந்தை, யாதோர் ஊனமுமில்லாத குழந்தையோடு சமமாக நிற்குமாயின், பின்னதற்கு நாம் என்ன தீங்கு இழைத்து வருகிறோம் என்ற கேள்வி அவரை வாட்டிற்று. இக்கேள்வியே அவரைப் பொதுக் கல்வித்துறைக்குக் கொண்டுசென்றது.

இவ்விடத்தில் அவருடைய வாழ்க்கையின் மறைந்த பகுதியொன்றையும் கூறுதல் வேண்டும். மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898-இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. இச்செய்தி வெளிப்படின் அம்மையார் எடுத்த பணி அத்தனையும் அழிந்திருக்கும். அக்காலத்து ரோமாபுரி அதனைப் பொறுத்திராது. ஆதலின் குழந்தை நாட்டுப்புறத்தில் பிறர் வீட்டில் வளர்ந்தது. தாய் இடையிடையே சென்று பார்த்து வந்தார். 1901-இல் மொந்தெசானோ வேறொரு மாதை மணந்துகொள்ள, அம்மையார் அப்பள்ளியை விட்டு நீங்கிச் சர்வகலாசாலையில் மீண்டும் மாணவியாய்ச் சேர்ந்து தத்துவமும் மானிட நூலும் பயின்றார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயென்று போற்றப்பட்டவர், தம் வயிற்றிற் பிறந்த பிள்ளையை ஏறக்குறையப் பதினைந்து ஆண்டு தம்முடன் வைத்துக்கொள்ள இயலாதவராயிருந்தார். அவரைப் பழிப்போர் இதனையே பெரிதாக எடுத்துப் பேசுவர். புகழ்வோர் சொல்லாமலே விட்டுவிடுவர். இரண்டும் நேர்மையன்று. தம் தாயார் 1912-இல் இறந்தபின் அவர் மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போரின் காரணமாக இருவரும் சிறிது காலம் பிரிய நேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்பது ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்குள்ள பாழடைந்த வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்த கூட்டத்தார், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் செய்த சேதத்தைத் தடுக்க வழிதேடி அம்மையாரை அணுகினர். அவர்கள் வேண்டியது பிள்ளைகளை ஓரிடத்தில் கட்டிவைக்க ஓர் ஆள், அவ்வளவே. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் மார்ஸி தெருவில் ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு குழந்தைகள் வீடு திறக்கப்பட்டது. ஆசிரியத் தொழில் பயிலாத பெண்ணொருத்தியை அம்மையார் அதற்கு அமர்த்தினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகத் தாம் செய்துவைத்திருந்த கருவிகளைக் கொண்டுவந்து வைத்து, நிகழ்வதை நோக்கினார்.

நிகழ்ந்தது எதிர்பாராதது. முன்னைய பள்ளியில் ஊக்கி ஊக்கி, கெஞ்சிக் கெஞ்சி, புன்னகை காட்டிச் செய்விக்கவேண்டியிருந்த வேலையை இக்குழந்தைகள் தாமாகவே எடுத்து, முடித்து, மீண்டும் மீண்டும் செய்தனர். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்து, ஆசிரியை தாமதித்து வந்தபோது, குழந்தைகள் தத்தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். அதுமுதல் அலமாரிகள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்தன. மேசை நாற்காலிகள் அவர்கள் தூக்கி நகர்த்தும் அளவினவாயின. அதே கருவி ஒரு குழந்தைக்குக் கல்வியை இயலச் செய்கின்றது, மற்றொரு குழந்தைக்குத் தானே கற்கும் வழியைத் திறக்கின்றது என்பதே அம்மையார் கண்ட வேறுபாடு. கருவி ஒன்றே, ஆசிரியர் அருகில் நிற்கவேண்டிய நேரமே கூடியும் குறைந்தும் வரும்.

எழுத்துக் கருவியின் கதை சுவையானது. முன்னைய பள்ளிக்கென அம்மையார் கொல்லரையும் தச்சரையும் கொண்டு அழகிய மர எழுத்துகளைச் செய்வித்திருந்தார். உயிரெழுத்துகளுக்குச் சிவப்பு வண்ணம், மெய்யெழுத்துகளுக்கு நீல வண்ணம். விலை மிகுதியாதலின் ஒரு தொகுதிக்கு மேல் செய்ய இயலவில்லை. சான் லொரென்ஸோவிலே தாய்மார் இருவர் வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கவேண்டுமென்று கேட்டபோது, கையிற் பொருளில்லாமல் உப்புத்தாளிலும் அட்டையிலும் எழுத்துகளை வெட்டி ஒட்டினார். வறுமையாற் பிறந்த இம்மாற்றமே பெரும்பயன் தந்தது. அட்டை எழுத்தை எத்தனை வேண்டுமாயினும் செய்யலாம். அவற்றை அடுக்கிக் குழந்தைகள் சொற்களை அமைக்கலாயினர். உப்புத்தாளின் சொரசொரப்பு, விரல் வழிதவறுவதைத் தானே உணர்த்திற்று. சில மாதங்களுக்குள் நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள் எழுதத் தொடங்கினர். உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் அதனைக் காண வந்தனர்.

அதற்குப் பிந்திய புகழ்க்கதையை விரித்தல் வேண்டுவதில்லை. 1909-இல் அவர் நூல் வெளிவந்தது. 1912-இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. அமெரிக்கா சென்றார், 1915-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்த வகுப்பொன்றை நடத்திக் காட்டினார், பார்ஸிலோனாவிற் பல ஆண்டு வாழ்ந்தார், 1929-இல் தம் பெயரால் சர்வதேச சங்கம் நிறுவினார், 1931-இல் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தார். முஸோலினி முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தான். அவை தன் கட்சிக்குப் படைசேர்க்கும் இடங்களாக மாறா எனக் கண்டபின் மூடினான். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூள, அங்கிருந்தும் ஓடவேண்டியதாயிற்று. ஹாலந்து தேசம் அடைக்கலம் தந்தது.

1939-இல் அடையாற்றுப் பிரம்மஞான சங்கத் தலைவராகிய அருண்டேல் துரையும் அவர் மனைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, அம்மையார் தம் அறுபத்தொன்பதாம் வயதில் ஆகாய விமானமேறி இந்தியாவுக்கு வந்தார். நவம்பர் மாதத்தில் அடையாற்றில் முதற் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய 300 பேர் வந்து சேர்ந்தனர். ஓலை வேய்ந்த கொட்டகைகளில் பாடம் நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மகன் மரியோ அருகில் நின்று வாக்கியத்திற்கு வாக்கியம் ஆங்கிலத்திற் பெயர்த்தார். தரையில் உட்கார்ந்து பயிலும் நம் வழக்கம் அம்மையாருக்கு உவப்பாயிற்று என்பர்.

சில மாதங்கள் தங்கிச் செல்ல எண்ணி வந்தவரை யுத்தம் தடுத்தது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கில் இருவரும் பகைநாட்டார் ஆயினர். மரியோ அகமதுநகர்ச் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு நீங்கலாகாதென்று விதிக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைவெய்திற்று. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக அவர் மகனை விடுவிப்பதாக அதில் கண்டிருந்தது. மருமகன் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றும் அதுவரை உலகத்தார்க்குச் சொல்லப்பட்டு வந்தவரை மகன் என்றே அத்தந்தி குறித்தது. நாற்பத்திரண்டு ஆண்டாக மறைந்திருந்த உறவு, அடையாற்றங்கரையில், அயலரசாங்கத்தின் தந்தியொன்றால் வெளியாயிற்று.

போர்க்காலத்தில் இருவரும் கொடைக்கானலில் சிலகாலம் தங்கி, வளர்ந்த சிறுவர்க்கான பாடமுறையை ஆராய்ந்தனர். பின்னர் ஆமதாபாத், கராச்சி முதலிய நகரங்களிலும் இலங்கையிலும் பயிற்சி வகுப்புகள் நடந்தன. 1946-இல் ஐரோப்பாவுக்கு மீண்டவர் மறு ஆண்டே திரும்ப வந்து 1949 வரை இங்கும் பணியாற்றினார். அவரிடம் நேரே பயின்ற இந்திய ஆசிரியர் ஆயிரவருக்கு மேற்படுவர். இவ்விந்திய வாசத்தின் முதன்மையான பயன் ஒன்றுண்டு. அதுவரை மூன்று வயதிலிருந்தே குழந்தையை நோக்கி வந்த அவர், இங்கே பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள பருவத்தை ஆராயத் தலைப்பட்டார். தாயின் இடுப்பிலும் தோளிலும் ஏறிக் கடைவீதிக்கும் கோயிலுக்கும் வயற்புறத்திற்கும் செல்லும் நம் நாட்டுக் குழந்தை, யாரும் கற்பிக்காமலே எவ்வளவு கற்றுக்கொள்ளுகிறது என்பதை அவர் கூர்ந்து நோக்கினார். ஆமதாபாத்தில் அவர் செய்த பிரசங்கங்களைத் தழுவி எழுந்த நூல் 1949-இல் அடையாற்றில் அச்சாயிற்று. முதல் ஆறு ஆண்டைக் கல்வியின் அடித்தளமாகவும், அதனுள்ளும் மூன்றாம் வயதை ஒரு வாயிற்படியாகவும் அந்நூல் காட்டுகின்றது.

அவ்வாயிற்படியைக் குறித்தே நம் ஊர்ச் செய்தி சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. அம்மையார் வாழ்ந்த காலத்திற் காணப்படாத நல்ல ஏற்பாடுகள் பல இன்று சென்னையில் உண்டு. காது கேளாத சிசுக்களைத் தாயோடு சேர்த்து ஏற்றுப் பேச்சுப் பழக்கி, ஐந்து வயதளவில் பொதுப்பள்ளிக்கு அனுப்பும் பால வித்யாலயா 1969 முதல் அடையாற்றில் நடைபெறுகின்றது. தியாகராய நகரில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் நிலையம், மூளை வளர்ச்சி தாழ்ந்த குழந்தைகளின் அசைவு, பேச்சு, அறிவு, தன்வேலை தானே செய்தல், பிறரோடு பழகுதல் என்னும் ஐந்து துறைகளையும் படிப்படியாக வளர்க்கும் முறையொன்றை வகுத்து நடத்தி வருகின்றது. 1985-இல் தோன்றிய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில் மூளை முடக்குவாதமுற்றோர்க்கு உதவுகின்றது. அரசாங்கமும் 2013-இல் வகுத்த திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஆரம்பநிலைச் சிகிச்சை நிலையங்களை ஏற்படுத்தியுள்ளது. அங்கன்வாடிகளோ 1975 முதல் உள்ளன. அவற்றில் இத்தகைய குழந்தைகளை ஏற்று நடத்தும் முறைக்கு 2023-இல் மத்திய அரசாங்கம் தனி விதிகளும் வெளியிட்டது.

இவ்வளவும் இருந்தும் இடர் எங்கே நேர்கின்றது என்றால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும்போதே நேர்கின்றது. சிகிச்சை நிலையத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்சியாளர், அருகில் தாய். பாலர் பள்ளியிலோ இருபது முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை. தாய் வாசலோடு நிற்கவேண்டும். அங்கே ஒலியும் நெருக்கமும் மிகுதி. மூன்றாண்டு அரும்பாடுபட்டுக் கற்ற ஒன்றைக் குழந்தை அப்புதிய இடத்தில் முதல்நாளே செய்துகாட்டாவிடின், இஃது இங்கே இருத்தற்குரியதன்று என்ற தீர்ப்பு எளிதிற் பிறந்துவிடுகிறது. அமெரிக்க நாட்டார் 1986-இல் இயற்றிய சட்டமொன்றின் வழியே மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு உதவி செய்யத் தொடங்கி, நாளடைவில், குழந்தைக்கு மூன்று வயது நிறைவதற்குத் தொண்ணூறு நாளேனும் முன்னரே பெற்றோருடன் கூடியிருந்து மாற்றத்திற்குத் திட்டம் வகுக்கவேண்டுமென்று விதித்தனர். இதனை அம்மையார் கேட்டிருப்பின் தாள்பாய் முடைந்த சிறுமியையே நினைத்திருப்பார். சேரவிருக்கும் பள்ளியின் அறையை முன்னரே சில நாள் சென்று பார்த்தல், அங்குள்ள சிறு நாற்காலியில் உட்காரப் பழகுதல், தன் செருப்பைக் கழற்றி வைத்தல், கழிப்பிடத்திற்குச் செல்லவேண்டுமென்று கையாலேனும் குறிப்பித்தல், தன் முறை வரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றைச் சிகிச்சை நிலையத்திலேயே பழக்கலாம். பயிற்சியாளர் எழுதிவைத்த குறிப்பு, பள்ளி ஆசிரியையின் கைக்குச் சேரவேண்டும். ஆசிரியையும் ஒருநாள் நிலையத்திற்கு வந்து, அக்குழந்தை தனக்குப் பழகிய இடத்தில் என்ன செய்யவல்லது என்பதைக் கண்ணாற் காணவேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளாரை ஒரே அறையில் வைப்பது அம்மையார் முறையின் இயல்பு. அவ்வறையில் எல்லாரும் ஒரே வேளையில் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒருவர் பின்தங்கினார் என்பது அங்கே கண்ணிற் படாது. மூத்தவர் இளையவர்க்குக் காட்டுவர். வளர்ச்சி குன்றிய குழந்தை நுழைதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறுளதோ? மியூனிக் நகரில் ஹெல்ப்ரூகே என்னும் குழந்தை வைத்தியர் 1968-இல் இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, ஊனமுற்ற குழந்தைகளையும் மற்றவரையும் ஒருங்கே வைத்து மாண்டிஸோரி முறையில் பாலர் பள்ளி நடத்தினார். நம் ஊரிலோ அப்பெயரைப் பலகையில் தாங்கும் பள்ளிகளுள் சில, சேர்க்கைக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று கண்டதும் கைகூப்பி வழியனுப்பிவிடுகின்றன. பெயருக்குத் தனியுரிமை கோருவார் இல்லாமையால் யாரும் அதனை எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. ஆயினும் எக்குழந்தையின் கைகளிலிருந்து அம்முறை பெறப்பட்டதோ, அக்குழந்தைக்கே அவ்வாயில் அடைபடுமாயின் அதனை என்னென்பது! தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் வளாகத்திலிருந்து வெளிவரும் ஆணைகள் சிகிச்சையைப் பற்றியன. பள்ளிச் சேர்க்கை பற்றிய ஆணைகள் வேறோர் அலுவலகத்திலிருந்து வருகின்றன. இடையில் நிற்பவள் தாயொருத்தியே. பெரும்பாலும் இரண்டு அலுவலகத்தார்க்கும் செய்தி கொண்டுசெல்பவளும் அவளே.

1949-இல் இந்தியாவைவிட்டு நீங்கிய அம்மையார், ஹாலந்திலே தங்கியிருந்து இறுதிவரை பிரயாணம் செய்துகொண்டே இருந்தார். சமாதானத்திற்குரிய நோபெல் பரிசுக்கு மூன்றுமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் மரியோவுடன் அமர்ந்திருந்தபோது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டியிருக்கின்றதென்ற பேச்சு எழுந்தது. எண்பத்தொரு வயதில் அவ்வளவு தூரம் செல்லலாகாதென்று மகன் தடுத்தார், தாய் இசையவில்லை. மரியோ எழுந்து சிறிது நேரம் உள்ளே சென்று திரும்பியபோது, அம்மையார் உயிர் நீங்கியிருந்தது. இறந்த இடத்திலேயே தம்மை அடக்கவேண்டுமென்பது அவர் விருப்பமாதலின், நூர்ட்விக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தனர். அவர் எழுதிவைத்த மரண சாசனத்தில் தம் உடைமையனைத்தையும் மரியோவுக்கே உரிமையாக்கி, அவரைத் தம் மகனென்றே வெளிப்படக் குறித்திருந்தார்.